எழுபத்தைந்து நியூட்டன்

நூற்றைம்பது கிராம் நிறையுள்ள பந்து ஒன்று நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் போய்ச் சுவரில் மோதுகிறது. பதினைந்து மீட்டர் வேகத்தில் திரும்பி வருகிறது. அது சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. சுவர் பந்தின் மீது செலுத்திய சராசரி விசை எவ்வளவு? உலகம் முழுக்க இதற்கு விடை ஐந்நூற்று இருபத்தைந்து நியூட்டன். திருத்தணியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மட்டும் எழுபத்தைந்து.

அந்த எழுபத்தைந்துக்கு இரண்டு பேருடைய பலம் இருந்தது. ஒருவர் எங்கள் தாளாளர். இன்னொருவர் மலைமேல் இருக்கும் முருகன். முருகனை யாரும் கேட்கவில்லை, பாவம்.

தாளாளர் பள்ளிக்கூடம் கட்டுவதற்கு முன்னால் அறிவியல் வாத்தியாராக இருந்தவர். அந்தக் காலத்தில் தன் கையாலேயே எழுதிய நோட்டுதான் எங்கள் பத்தாம் வகுப்புக் கையேடு. தடித்த அட்டை, நீல மை, வலது பக்கம் சாய்ந்த எழுத்து. பாடத்திட்டம் மாறினால் புதுத் தாள் எழுதி ஒட்டுவார். பழைய தாளில் கை வைக்க மாட்டார். வருடாவருடம் ஜூன் மாதம் அந்த நோட்டு மலைக்குப் போகும். சாமி காலடியில் வைத்து, அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் வாங்கி, இறங்கியதும் நேராக ஜெராக்ஸ் கடை. பிள்ளைகள் அவருடைய கையெழுத்தையே வருடம் முழுக்கப் படிப்பார்கள். பூஜை போட்ட நோட்டில் பேனா படக்கூடாது என்பது பள்ளியின் சட்டம். சரி, அடுத்த ஜூனில் திருத்தலாமே என்றால், அதுதான் போன ஜூனிலேயே பூஜை போட்டாயிற்றே என்பார். இப்படியே பல ஜூன்கள் போயிருந்தன.

நோட்டு மலையேறும் விதத்தையும் சொல்ல வேண்டும். நிரந்தர ஆசிரியர்கள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தாளாளரோடு காரில் மலைப்பாதையில் போவார்கள். தற்காலிக ஆசிரியர்களுக்குப் படிக்கட்டு. சும்மா ஏறினால் ஆகாது, படிபூஜை செய்ய வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்ற வேண்டும். மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து படி. நாங்கள் ஏழு பேர். ஆறு பேர் ஆளுக்கு அறுபது படி எடுத்துக்கொண்டு, மிச்சம் ஐந்தை முட்டிவலிக்கார இந்தி மிஸ்ஸுக்கு விடுவோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேரும்போது, காரில் வந்தவர்கள் பொங்கல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருப்பார்கள். "வந்துட்டீங்களா, படி எல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று விசாரிப்பு வேறு.

நான் ஆறு வருடம் தற்காலிகம். அப்படியென்றால் ஏப்ரல் முப்பதோடு வேலை முடிந்தது. மே மாதம் பள்ளிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. ஜூனில் மறுபடி நேர்காணல், மறுபடி மாதிரி வகுப்பு, மறுபடி "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்". ஆறு வருடமாகத் தினம் என் முகத்தைப் பார்க்கிற மனுஷனிடம் என்னைப் பற்றி என்னத்தைச் சொல்வது? என் வீட்டுக்காரர் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறியில் லுங்கி நெய்கிறார். நூல் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. நிரந்தரம் என்று போட்ட ஒற்றைத் தாள் எனக்கு எவ்வளவு தேவை என்பது தாளாளருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் ஆறு வருடம் இழுத்தடித்தார்.

ஏழாவது வருடம் முதன்முறையாக எனக்குப் பத்தாம் வகுப்பு அறிவியலைக் கொடுத்தார்கள். அதுவரை ஆறாவது, ஏழாவதோடு காந்தம், கண்ணாடி என்று காலம் தள்ளியவள் நான். "ஒழுங்கா எடுத்தின்னா இந்த வருஷம் ஆர்டர் போட்ருவேன்" என்று தாளாளரே வாய் திறந்து சொன்னார். அந்தச் சந்தோஷத்தோடு கையேட்டைப் புரட்டினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் பந்து இருந்தது. இருபதிலிருந்து பதினைந்தைக் கழித்து, மிச்சம் ஐந்தை நிறையால் பெருக்கி, நேரத்தால் வகுத்து, கீழே இரண்டு கோடு போட்டு எழுபத்தைந்து என்று எழுதியிருந்தார் மனுஷன்.

பக்கத்து மேசையில் வேதியியல் சார். நகரிப் பக்கத்துக்காரர், நிரந்தரம், கார் கோஷ்டி. அவரிடம் பக்கத்தைக் காட்டினேன்.

"சார், இது தப்பு இல்ல?"

எட்டிப் பார்த்தார். "ஆங், தப்புதான் மேடம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான் சேந்த வருஷத்துலேர்ந்து தெரியும். எழுவத்தஞ்சுதான் போட்டுகினு கீறாரு."

"சொல்லக்கூடாதா சார்?"

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "எனுக்கு கெமிஸ்ட்ரி மேடம். பந்து எங்க போனா எனுக்கு இன்னா?"

சூரனை அடித்த கோபம் முருகனுக்குத் தணிந்த மலை இது என்பார்கள். இருக்கட்டும். எனக்கு இந்த ஊருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் கோபமே வர ஆரம்பித்தது. அன்று மத்தியானமே மலையடிவாரத்தில் வளையலும் சாவிக்கொத்தும் விற்கிற கடையில் ஒரு ரப்பர் பந்து வாங்கிக்கொண்டு நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன்.

"இன்னாம்மா, பாலெல்லாம் எடுத்துகினு வந்துகீற?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதைப்போல எனக்கு விளக்கினார். "இருபதுல போச்சு. பதினஞ்சுல வந்துச்சு. மீதி அஞ்சுதான செவுத்துக்குப் போச்சு? இதுல உனுக்கு இன்னா சந்தேகம்?"

"சார், போனது ஒரு பக்கம், வந்தது எதிர்ப்பக்கம். செவுரு மொதல்ல அந்த இருபதை நிறுத்தணும். அப்புறம் பதினஞ்சைக் குடுத்துத் திருப்பி அனுப்பணும். ரெண்டு வேலை சார். கூட்டணும்."

"செவுரு எங்கம்மா வேலை செய்யுது? அது சும்மா நின்னுகினு கீது."

தற்காலிக ஆசிரியர்களைப் பற்றியும் அவருக்கு இதே அபிப்பிராயம்தான். நான் விடவில்லை. "சரி சார். இருபதுல போயி இருபதுலயே திரும்பி வந்தா? உங்க கணக்குல சைபர். அப்ப பந்து செவுத்துல படவே இல்லையா? சாணி உருண்டையை விட்டெறிஞ்சா செவுத்துலயே ஒட்டிக்கும். அதுக்கு உங்க கணக்குலயே முந்நூறு வருது. ஒட்டிகினு நிக்கற சாணிக்கு முந்நூறு, திரும்பி வர்ற பந்துக்கு எழுபத்தஞ்சா சார்?"

எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். "அதெல்லாம் காலேஜ் கணக்கும்மா. பத்தாவதுக்கு இது போதும்."

பத்தாவதில் பந்து திரும்பியே வராதுபோல. வாயால் சொல்லி ஆகாது என்று பந்தைச் சுவரில் எறிந்தேன். கோபத்தில் கொஞ்சம் ஓங்கித்தான் எறிந்துவிட்டேன். வெள்ளையடித்த சுவரில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு தடத்தை வைத்துவிட்டு, நேராகத் திரும்பி வந்து தாளாளரின் தொப்பையில் பட்டது. "அய்யய்யோ!" என்று அலறினார். பியூன் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். எழுபத்தைந்துக்கு அவ்வளவு சத்தம் வராது.

தொப்பையைத் தடவிக்கொண்டே அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏம்மா, உனுக்கு ஆர்டர் வேணுமா, வேணாமா?"

நான் பந்தைக் குனிந்து எடுத்தேன்.

"சாமி கால்ல வெச்சு எடுத்த நோட்டும்மா அது. அதுல பேனா வெக்கலாமா? நோட்டுல இருக்கறத நடத்து. போ."

"சாரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கரும்பலகையில் எழுபத்தைந்தை எழுதினேன். என் எழுத்து அழகாக இருக்கும். கீழே இரண்டு கோடும் போட்டேன்.

அந்த வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் என்னை மிஸ் என்பாள், பஸ் ஏறியதும் அம்மா. அன்று பஸ் ஏறியதும் கேட்டாள், "மா, அது கூட்டணும் இல்ல?" பாடப்புத்தகத்தைத் தானாகவே படித்திருக்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பந்தை அவளிடம் கொடுத்து, தறிக்கொட்டகைச் சுவரில் எறிந்து எறிந்து காட்டி, ஐந்நூற்று இருபத்தைந்து எப்படி வருகிறது என்று அரைமணி நேரம் நடத்தினேன். நான் அந்த வருடம் ஒழுங்காக நடத்திய ஒரே வகுப்பு அதுதான். கடைசியில் சொன்னேன், "பப்ளிக்ல இதை எழுது. ஸ்கூல்ல எழுபத்தஞ்சு எழுது."

"மத்த பொண்ணுங்க பப்ளிக்ல இன்னா எழுதுவாங்க?"

"நீ உன் வேலையப் பாரு."

பார்த்தாள். அரையாண்டுத் தேர்வில் பந்து வந்தது. விடைத்தாள் கட்டில் அவள் தாளைப் பிரித்தேன். கூட்டல் குறி போட்டு, முப்பத்தைந்து வரவழைத்து, ஐந்நூற்று இருபத்தைந்து என்று எழுதி வைத்திருக்கிறாள் கழுதை. ஊழியர் வீட்டுப் பிள்ளைகளின் தாளைத் தாளாளர் தானே உட்கார்ந்து பார்ப்பார் என்பது அவளுக்குத் தெரியாதா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்த வகுப்பிலேயே சரியாக எழுதிய ஒரே விடையின் மேல் பெருக்கல் குறி போட்டு, நாலு மதிப்பெண்ணையும் வெட்டினேன். மற்ற முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் எழுபத்தைந்து எழுதி நாலுக்கு நாலு வாங்கினார்கள்.

வெட்டியும் பிரயோஜனமில்லை. மூன்றாம் நாள் பியூன் வந்து, "மேடம், உங்களையும் பொண்ணையும் சார் கூப்புட்றாரு" என்றார்.

மேசைமேல் என் ஆர்டர் இருந்தது. டைப் அடித்து, முத்திரை வைத்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பக்கத்தில் மூடி திறந்த பேனா. அதற்குப் பக்கத்தில் என் மகளின் விடைத்தாள்.

"மார்க்க வெட்டிட்ட, சந்தோஷம்" என்றார் தாளாளர். "ஆனா இந்த ஐநூத்தி இருவத்தஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு? வீட்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு நடத்தறியா நீ? நிரந்தரம் ஆவற டீச்சரு கையேட்டுக்கு விசுவாசமா இருக்கணுமா, வேணாமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளிடம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. அந்த பாலு செவுத்துல பட்டா எவ்ளோ ஃபோர்ஸ்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஜூனில் கையில் பந்தோடு அந்த அறையில் நின்று சாணி உருண்டைக் கணக்குப் பேசினேனே, அதே வாய்தான் எனக்கு. இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். பந்து பட்ட சாம்பல் வட்டம் இன்னும் அங்கேயே இருந்தது. முருகனுக்குத் தணிந்த மாதிரியே எனக்கும் அன்றைக்குக் கோபம் தணிந்துபோயிருந்தது. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: என் மனசில் ஓடியதெல்லாம் மேசைமேல் இருந்த அந்தத் தாள்தான்.

"செவன்டி ஃபைவ் நியூட்டன், சார்" என்றாள் என் மகள்.

"பாத்தியா! புள்ளைக்கே தெரியுது." கையெழுத்துப் போட்டார். ஆளுக்கு ஒரு லட்டும் கொடுத்தார். அவள் தன் லட்டைக் கையிலேயே வைத்திருந்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய்க்குப் போட்டாள். வீட்டுக்காரர் ஆர்டரைப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். நான் அதை மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்தேன்.

பொதுத் தேர்வில் பந்து வந்தது, வேறு எண்களோடு. "கூட்டித்தான் போட்டேன்" என்று மட்டும் சொன்னாள். மற்ற பிள்ளைகள் கழித்துத்தான் போட்டிருப்பார்கள். அப்படித்தானே நான் நடத்தியிருந்தேன். மே மாதம் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அறிவியலில் நூற்றுக்கு நூறு என்று என் மகள் படம். அதற்குமேல் அவளைவிட மூன்று மடங்கு பெரிதாகத் தாளாளர் படம். "கையேட்டின் வெற்றி" என்று சிவப்பு எழுத்து. கீழே மூலையில், தபால்தலை அளவில், பாட ஆசிரியை என்று நான் வேறு இளித்துக்கொண்டிருந்தேன். நிரந்தரம் ஆனதால் மே மாதமும் அட்மிஷன் வேலை; அந்த ஃப்ளெக்ஸுக்கு எதிரிலேயே நின்று தினம் பஸ் ஏற வேண்டியிருந்தது. அவள் ப்ளஸ் ஒன்னுக்கு அரக்கோணத்துப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அடம்பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் வந்தது. நோட்டு மலையேற வேண்டும். இந்த முறை நான் கார் கோஷ்டி. தாளாளர் டிரைவருக்குப் பக்கத்தில். பின்னால் நானும் வேதியியல் சாரும். புதிதாக நிரந்தரமானவள் என்று நோட்டை என் மடியில் வைத்தார்கள். இந்த வருடப் பூஜை இன்னும் போடாத நோட்டு. கைப்பையில் நீல மைப் பேனா இருந்தது.

முதல் வளைவில் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். கழித்தல் குறிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் கூட்டல். ஐந்துக்கு முன்னால் ஒரு மூன்று. அடுத்த வரியிலும் ஒரு மூன்று. கடைசியில் எழுபத்தைந்து. ஏழின் காலடியில் ஒரு கோடு போட்டால் அது இரண்டாகிவிடும்; முன்னால் ஒரு ஐந்து வைத்தால் வேலை முடிந்தது. வளைவில் கார் குலுங்கியதில் மூன்று கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தது. அவருடைய மூன்றும் அப்படித்தான் சாயும். வேதியியல் சார் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி மலையை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார். முன்னால் தாளாளர் போனில் யாரிடமோ பொங்கலில் முந்திரி போதாது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மேலே குருக்கள் நோட்டை வாங்கிச் சாமி காலடியில் வைத்து, தீபம் காட்டி, நாலு மூலையிலும் குங்குமம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். அன்றைக்குப் பொங்கல் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தாளாளர் ஜெராக்ஸ் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, இது எழுவத்தஞ்சு இல்ல இருந்துச்சு?"

"உங்க கையெழுத்து சார்."

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். "என் கையெழுத்துதான்" என்றார் குழப்பத்தோடு.

"நோட்டுல இருக்கறதைத்தான் சார் நடத்திகினு இருக்கேன். தப்புன்னா சொல்லுங்க, மாத்திடலாம். ஆனா பூஜை போட்டாச்சே சார். அதுல பேனா வெக்கலாமா?"

வேதியியல் சாருக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே போனார். தாளாளர் என்னையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சாமி காலடிக்குப் போய் வந்த தாளின் மேல் சந்தேகப்பட அவருக்குத் தைரியம் வரவில்லை. "வேணாம், வேணாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரமே புதிதாகச் சேர்ந்த தற்காலிக மிஸ் ஒருத்தியிடம் அவர் விளக்கிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "போறது ஒரு பக்கம், வர்றது எதிர்ப்பக்கம். கூட்டணும்மா! நான் அந்தக் காலத்துலேர்ந்தே இப்டித்தான் போட்டுகினு வரேன்."

அன்று சாயங்காலம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அரக்கோணத்திலிருந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மகள் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்து, கார், வளைவு, குருக்கள், இருமல் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவள் ஏழின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "கீழ கோடு போட்டு ரெண்டாக்கிட்டியா!" என்று சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து என்னிடம் சிரிக்கிறாள்.

பிறகு கேட்டாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்தான்.

"இதெல்லாம் ஆர்டர் வந்ததுக்கு அப்புறந்தானே மா?"

"ஆங்" என்றேன்.

அவள் கையேட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு, துணி மாற்ற உள்ளே போனாள்.